நொடித்த பப்பைக் காப்பாற்றும் குடும்பப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குப் படிக்க வந்த காலத்தில் மூன்று ஆண்டுகள் ஒரு பப்பில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவன் நான். அதனால் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தைப் பார்த்து முடித்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். கடனில் மூழ்கிய குடும்ப பப், அதை மீட்க எங்கிருந்தோ வந்து சேரும் சித்தப்பா, அக்கா மகன், ஒன்றுவிட்ட தங்கை, வழிநெடுகப் பச்சைப் பச்சையான ஜோக்குகள், கடைசியில் ஊரையே கூட்டி ஒரு அமர்க்களமான ராத்திரி. பிரிட்டிஷ் நகைச்சுவையில் இந்த வார்ப்பு பழையது. படம் மாறினாலும் கேட்கிற சந்தேகங்கள் மாறுவதில்லை, ஆகவே எழுதி வைத்துவிட்டேன். இது எந்த ஒரு தனிப் படத்தையும் பற்றியதல்ல. சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் வேறு சட்டம்.

"பப்புன்னா நம்ம ஊர் ஒயின்ஷாப் பார் மாதிரிதானே? அது மூடினா நல்லதுதானே, அதுக்கு எதுக்கு ஒரு குடும்பமே அழுவுது?"

இது விளங்காமல் பார்த்தால் படம் பாதிதான் புரியும். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். யாரும் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைத்த வீடு. பெயருக்கு வீடு என்று சொல்லவில்லை, பெரும்பாலான பழைய பப்புகளில் நடத்துகிறவர் குடும்பம் மாடியில்தான் குடியிருக்கும். கீழே கவுன்ட்டர், அதற்கும் கீழே பீப்பாய்கள் இருக்கும் நிலவறை, மேலே குழந்தைகள் தூங்கும் அறை.

குடிப்பது அங்கே நடக்கும் பல காரியங்களில் ஒன்று. ஞாயிறு மதியம் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்குமாகக் குடும்பச் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் வினாடி வினா, இறந்தவரைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவது, நாயோடு வந்து அரை பைன்ட்டை இரண்டு மணி நேரம் உறிஞ்சும் தாத்தா. தபாலாபீசும் மளிகைக்கடையும் மூடிப்போன பல கிராமங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே பொது அறை இதுதான். அதனால் பப் மூடுகிறது என்றால் அந்தக் குடும்பத்துக்குத் தொழிலும் வீடும் ஒரே நாளில் போகிறது, ஊருக்குத் திண்ணை போகிறது. குடியால் குடும்பம் அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்பது கஷ்டம்தான். அந்தச் சங்கடம் எனக்கும் இருந்தது. ஆனால் படம் அழுவது சாராயத்துக்காக அல்ல என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பைன்ட் பைன்ட்னு சொல்றாங்களே, எவ்வளவு அது? 'மை ரவுண்ட்'னா?"

ஒரு பைன்ட் 568 மில்லி லிட்டர். 'ரவுண்ட்' என்றால் கூட வந்த எல்லோருக்கும் ஒருவர் வாங்குவது. அடுத்த முறை அடுத்தவர். தன் முறை வரும்போது நழுவுகிற ஆள் இந்தப் படங்களில் கட்டாயம் ஒருவன் இருப்பான். அவனை ஏன் எல்லோரும் அப்படி முறைக்கிறார்கள் என்பது இதனால்தான்.

"அவரை எல்லாரும் 'லேண்ட்லார்ட்'னு கூப்பிடறாங்க. அப்ப கட்டடம் அவரோடதுதானே? சொந்தக் கட்டடத்தை விட்டு யாரு அவரை வெளிய போகச் சொல்றது?"

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. பப்பை நடத்துகிறவரை லேண்ட்லார்ட் என்று அழைப்பது பழக்கம். அவர் வாடகைக்கு இருப்பவராகவும் இருக்கலாம், பல நேரம் அப்படித்தான். பப்பில் மூன்று வகை உண்டு. கட்டடம் நடத்துகிறவருடையதாகவோ, யாரிடம் வேண்டுமானாலும் சரக்கு வாங்கும் உரிமை உள்ளதாகவோ இருந்தால் 'ஃப்ரீ ஹவுஸ்'. கம்பெனி சம்பளத்துக்கு மேனேஜர் வைத்து நடத்துவது இன்னொன்று. மூன்றாவதுதான் நம் படங்களின் களம்: கட்டடம் கம்பெனியுடையது, குடும்பம் குத்தகைதாரர், வாடகையோடு சேர்த்துப் பீரையும் அந்தக் கம்பெனியிடமே, அது சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். இந்தக் கட்டுக்கு 'டை' என்று பெயர். கட்டட வாடகையை உலர் வாடகை என்றும், பீர் விலையில் கூடுதலாகப் போவதை ஈர வாடகை என்றும் தொழிலில் சொல்வார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் பாஸ், அலைட், விட்பிரெட், கரேஜ் போன்ற ஆறு பெரிய பீர் ஆலைகளின் கையில் பல்லாயிரம் பப்புகள் இருந்தன. போட்டியை வளர்க்கிறோம் என்று 1989இல் அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்துவது அதன் நோக்கம். ஆலைகள் பப்புகளை விற்றன. வாங்கியது யார்? பீர் காய்ச்சாமல் பப்புகளை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் புதிய கம்பெனிகள். அவற்றில் சில கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தன. அந்தக் கடனுக்கான வட்டி கடைசியில் கீழே கவுன்ட்டரில் நிற்பவர் தலையில் வந்து விடிந்தது. 2016இல் வந்த 'பப்ஸ் கோட்' என்ற விதிமுறை, 500 அல்லது அதற்கு மேல் கட்டுப்பட்ட பப்புகள் வைத்திருக்கும் கம்பெனிகளிடம், "டை வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன்" என்று குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் கேட்கும் உரிமையைக் குத்தகைதாரருக்குக் கொடுத்தது. படங்களில் வில்லன் சூட்டும் சுருட்டுமாக ஒரு மனிதனாக வருவான். நிஜத்தில் அது பெரும்பாலும் ஒரு ஒப்பந்தத்தின் பதினாறாம் பக்கம்.

"ஏன் எப்பவும் சொந்தக்காரங்களே வர்றாங்க? சம்பளத்துக்கு ஆள் வச்சா முடிஞ்சுதே?"

சம்பளம் கொடுக்கக் காசு இல்லாததால்தான். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது; 21 வயது நிறைந்தவருக்கு 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. காலை டெலிவரி இறக்குவதிலிருந்து ராத்திரி கண்ணாடி கழுவி முடிக்கும்வரை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடியில் இருக்கும் மனைவி, தங்கை, லீவுக்கு வந்த மகள் எல்லோரும் கணக்கில் வராமல் உழைப்பதால்தான் பல குடும்ப பப்புகள் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் வந்து குதிக்கும் காட்சியை மசாலா என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சிதான் மொத்தப் படத்திலும் நிஜமானது.

"உந்தப் பப் சனம் நிரம்பிக் கிடக்குது. பிறகு என்னெண்டு நட்டம் வரும்?"

லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது. கடை வைத்திருப்பவர், ஆகவே அவருக்குக் கணக்காகவே சொன்னேன். பைன்ட் 5 பவுண்டு என்று வையுங்கள். அதில் 83 பென்ஸ் விற்பனை வரி. நாலு சதவீத பீருக்கு மதுத் தீர்வை இன்னொரு 40 பென்ஸுக்குச் சற்று மேல். மீதியிலிருந்து பீரின் கொள்முதல், முன்பு சொன்ன இரண்டு வாடகைகளும், உள்ளாட்சிக்குக் கட்டும் வணிகக் கட்டட வரி, கேஸ், கரண்ட், சம்பளம், பாட்டு போட வாங்கும் உரிமம், கால்பந்து காட்டக் கட்டும் சந்தா எல்லாம் போக வேண்டும்.

சேதாரமும் உண்டு, அதைப் படங்கள் காட்டுவதே இல்லை. நிலவறையிலிருந்து கவுன்ட்டருக்கு வரும் குழாய்களை வாராவாரம் மருந்து விட்டுக் கழுவ வேண்டும். அப்போது குழாயில் நிற்கும் பீர் முழுவதும் சாக்கடைக்கு. பீப்பாயிலேயே நொதிக்கும் 'காஸ்க் ஏல்' வகையைத் திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். சாதாரணப் பீப்பாய் ஒன்று 72 பைன்ட். செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் வரும் ஊரில் அதை என்ன செய்வது? வியாழக்கிழமை காலையில் பாதிப் பீப்பாயைக் கொட்டியபோது முதலாளியின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது.

இதற்கு மேல் காலம் கொடுத்த அடிகள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைக்கத் தடை. அது உடம்புக்கு நல்லது, திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தோட்டமோ முற்றமோ இல்லாத தெருமுனைப் பப்புகளுக்கு வாடிக்கை குறைந்தது. 2008 முதல் 2013 வரை பீர் தீர்வை ஆண்டுதோறும் விலைவாசிக்கு மேல் இரண்டு சதவீதம் தானாக ஏறியது. சூப்பர்மார்க்கெட்டில் நாலு டப்பா வாங்கி வீட்டில் குடிப்பது மலிவாகிவிட்டது. 2020 மார்ச் 20ஆம் தேதி ராத்திரி எல்லா பப்பையும் மூடச் சொன்னார்கள். இங்கிலாந்தில் திறக்க ஜூலை 4 ஆனது. பிறகு 2022இல் மின்சாரமும் கேஸும் ஏறிய ஏற்றம்.

"ஒரே ராத்திரியில பார்ட்டி வச்சு மொத்தக் கடனையும் அடைச்சிடறாங்களே, நடக்குமா?"

முந்தைய பதிலின் கணக்கையே நீட்டுங்கள். பப்பின் வழக்கமான உரிமத்துக்கு அப்பால் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த 'தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு' என்று ஒன்று உண்டு. கட்டணம் 21 பவுண்டுதான், ஆனால் வழக்கமாகப் பத்து வேலை நாட்கள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. வேலை செய்பவர்களும் அந்த 499இல் சேர்த்தி. அத்தனை பேரும் தலைக்கு நாலு பைன்ட் குடித்தார்கள் என்றே வைப்போம்: 1,996 பைன்ட், 9,980 பவுண்டு வசூல். விற்பனை வரியும் தீர்வையும் போனால் சுமார் 7,500. பீருக்கும் ஆட்களுக்கும் கொடுத்தது போக என் அனுபவத்தில் மூன்று, நாலாயிரம் கையில் நின்றால் பெரிது. படத்தில் நீட்டப்படும் நோட்டீஸில் இருக்கும் தொகைக்கு அது வட்டிக்குக் காணாது.

1,996 பைன்ட் என்றால் 28 பீப்பாய். திரையில் இரண்டு பீப்பாயை உருட்டிக்கொண்டு வருவார்கள், ஊரே குடித்துக் கூத்தாடும். பப்பில் வேலை பார்த்த யாருக்கும் அந்த இடத்தில் மனம் ஒட்டாது.

"அந்த ராத்திரியில ஆம்பளைங்க துணியை அவுத்து ஆடறாங்களே. போலீஸ் பிடிக்காதா?"

பிடிக்காது, பெரும்பாலும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துணி அவிழ்க்கும் ஆட்டம் நடத்தும் இடங்களுக்கு உள்ளாட்சி தனி உரிமம் கேட்க வழி செய்தது. ஆனால் அதிலேயே விலக்கு இருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் பதினோரு தடவைக்கு மேற்படாமல், ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளியோடு நடத்தினால் அந்தத் தனி உரிமம் வேண்டாம். ஊர் சித்தப்பாக்கள் ஒரே ஒரு தடவை ஆடுவது இதற்குள் அடங்கிவிடும். பப்பின் சொந்த உரிமத்தில் வேறு நிபந்தனை எழுதியிருந்தால் அது தனிக் கதை. பாட்டுக் கச்சேரிக்கும் சலுகை உண்டு: உரிமம் உள்ள பப்பில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேர் வரை, நேரடி இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை.

இந்தக் காட்சியின் வேர் பலருக்குத் தெரிந்ததுதான். 1997இல் வந்த 'தி ஃபுல் மான்ட்டி' படத்தில் ஷெஃபீல்டு நகரத்தில் வேலை இழந்த எஃகு ஆலைத் தொழிலாளிகள் காசுக்காக மேடையில் ஆடையைக் களைவார்கள். அது உலகம் முழுக்க ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு, கடனில் இருக்கும் கூட்டம் துணியைக் கழற்றுவது ஒரு வாய்பாடாகிவிட்டது. அந்தப் படத்தில் சிரிப்புக்கு அடியில் வேலை போன ஆண்களின் கூச்சமும் பயமும் இருந்தது. பின்னால் வந்த பலதில் துணி மட்டும்தான் கழன்றது.

"நிர்வாண காலண்டர் போட்டு நிதி திரட்டறதெல்லாம் சினிமாக்காரன் கற்பனைதானே?"

இல்லை. இதுதான் எல்லாவற்றிலும் உண்மை. வடக்கு யார்க்ஷயரில் ரைல்ஸ்டோன் என்ற ஊரின் மகளிர் மன்றப் பெண்கள் 1999இல் அப்படி ஒரு காலண்டர் போட்டார்கள். நாற்பதைக் கடந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. கேக், பூத்தொட்டி, ஊறுகாய் பாட்டில் என்று மன்றத்தில் வழக்கமாகச் செய்யும் பொருட்களே மறைப்பு. உறுப்பினர் ஒருவரின் கணவர் புற்றுநோயில் இறந்தது காரணம். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவர்கள் திரட்டியது ஆண்டுகள் ஓட ஓட 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. முன்பு பார்த்த ஒரு ராத்திரிக் கணக்கு ஏன் தோற்றது, இது ஏன் ஜெயித்தது என்று யோசித்தால் விஷயம் தெரியும்: காலண்டருக்கு 499 பேர் வரம்பு இல்லை.

"வெள்ளைக்காரங்க ரொம்ப டீசன்ட்னு நினைச்சேன். வாயைத் திறந்தா ரெட்டை அர்த்தம். ஏன் இப்படி?"

அந்த இரண்டும் ஒன்றை ஒன்று வளர்த்தவை. நேராகச் சொல்லக் கூச்சப்படும் ஊரில்தான் வளைத்துச் சொல்லும் கலை செழிக்கும். டொனால்டு மெக்கில் என்ற ஓவியர் 1904 முதல் கடற்கரை ஊர்களில் விற்கும் தபால் அட்டைகளுக்குக் கேலிப்படம் வரைந்தவர். பருத்த மனைவி, ஒல்லிக் கணவன், கீழே அப்பாவித்தனமாக ஒரு வரி, அதற்குள் இன்னொரு அர்த்தம். 1954இல் லிங்கன் நகர நீதிமன்றம் ஆபாசக் குற்றத்துக்காக அவருக்கு 50 பவுண்டு அபராதமும் 25 பவுண்டு செலவும் விதித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காகவே நடத்தும் 'பான்டமைம்' நாடகத்திலும் பெண் வேடம் போட்ட ஆண் பெற்றோருக்கு மட்டும் புரிகிற ஜோக்கைத் தூவிக்கொண்டே போவார். பப் கவுன்ட்டர் இந்தப் பேச்சின் பள்ளிக்கூடம்.

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தை வயதில் இருக்கும் ஒருத்தி பச்சையாகப் பேசி, அதிகாரத்தோடு வந்த ஆபீசரை வாயடைக்க வைக்கும்போது அந்தப் பேச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். வேலைக்கு வரும் சின்னப் பெண்ணின் உடம்பே ஜோக்காகும்போது சிரிப்பு வரவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் என்னோடு நின்ற பெண்கள் அதை ராத்திரிதோறும் நிஜத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பசங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா வேண்டாமா?"

பிரிட்டிஷ் தணிக்கைச் சான்றில் 15 அல்லது 18 என்று போட்டிருந்தால் வேண்டாம். இந்த வகை பெரும்பாலும் அதில்தான் வரும்.

"படத்துல சின்னப் பையன் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கான், பதினாறு வயசுப் பொண்ணு பீர் குடிக்குது. சட்டம் ஒத்துக்குமா?"

பெரியவர் கூட இருந்தால் குழந்தைகள் பப்புக்குள் வரலாம், அந்தந்த பப்பின் விதி அனுமதித்தால். மது வாங்க 18 நிறைந்திருக்க வேண்டும். 16, 17 வயதுக்காரர் மேசையில் சாப்பாட்டோடு, கூட ஒரு பெரியவர் இருந்து, அவரே வாங்கிக் கொடுத்தால் பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் மது) குடிக்கலாம். தட்டில் சாப்பாடு இல்லாமல் அந்தப் பெண் கையில் கிளாஸ் இருந்தால் காட்சி தப்பு.

"வில்லன் விடியறதுக்குள்ள புல்டோசர் வச்சு பப்பை இடிக்கிறான். இங்கிலாந்துல போய் அப்படியெல்லாம் நடக்குமா தம்பி?"

நடந்தது, மாமா. லண்டன் மைடா வேல் பகுதியில் கார்ல்ட்டன் டேவர்ன் என்ற பப். 1920களின் தொடக்கத்தில் கட்டியது. அதை இடித்து அடுக்குமாடி கட்ட உரிமையாளர் கேட்ட அனுமதியை உள்ளாட்சி மறுத்தது. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலில் சேர்க்கப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில், பட்டப்பகலில் இயந்திரம் வைத்து இடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதியிருந்தாலும் நம்பமாட்டோம். ஏதோ நடக்கப்போகிறது என்று சந்தேகப்பட்ட ஊர்க்காரர்கள், பாரம்பரியத் துறையினரைக் கூட்டி வந்து முன்கூட்டியே படம் எடுத்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஆதாரத்தை வைத்து, "இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு" என்று வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளாட்சி உத்தரவிட்டது. உரிமையாளர் மேல்முறையீடு செய்தும் உத்தரவு நின்றது. ஆறு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அதே முகத்தோடு பப் திறந்தது. இடையில் 2017இல் இங்கிலாந்தில் சட்டத்தையும் மாற்றினார்கள்: திட்ட அனுமதி இல்லாமல் பப்பை இடிக்கவோ கடையாக மாற்றவோ முடியாது.

அப்படியும் 2023 ஆகஸ்டில் ஸ்டாஃபர்ட்ஷயரில் 'குரூக்டு ஹவுஸ்' என்ற பப் ஒரு ராத்திரி தீப்பிடித்து, இரண்டே நாளில் தரைமட்டமானது. அடியில் இருந்த சுரங்கத்தால் சாய்ந்துபோய், மேசையில் வைத்த கோலி மேல்நோக்கி உருளுவது போலத் தெரியும் விசித்திரமான கட்டடம் அது. அதையும் திரும்பக் கட்டும்படி 2024இல் உள்ளாட்சி உத்தரவு போட்டது.

"கடைசியில ஊர்க்காரங்க எல்லாரும் காசு போட்டு பப்பை வாங்கிடறாங்க. இது கொஞ்சம் ஓவர்தானே?"

கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தில் ஓல்டு கிரவுன் பப்பை 2003இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். தென்கிழக்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸை 2013இல் 371 பேர் பங்கு போட்டு வாங்கினார்கள். எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பதுதான் இந்த மாதிரிச் சங்கங்களில் முறை.

இதற்குத் துணை இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் (இந்தப் பகுதி வேல்ஸில் இல்லை). 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று ஊரார் ஒரு பப்பைப் பதிவு செய்துவிட்டால், உரிமையாளர் விற்க நினைக்கும்போது உள்ளாட்சிக்குத் தகவல் தர வேண்டும், அது ஊராருக்குச் சொல்லும். ஆறு வாரத்துக்குள் "நாங்கள் முயல்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் மொத்தம் ஆறு மாதம் அவகாசம். ஆனால் படங்கள் மறைக்கும் ஓட்டை ஒன்று உண்டு. அந்த 2011 சட்டம் கொடுத்தது விலை கேட்கும் உரிமைதான், வாங்கும் உரிமை அல்ல. ஆறு மாதம் முடிந்ததும் உரிமையாளர் யாருக்கும் விற்கலாம், பணத்தோடு நிற்கும் ஊராரையும் மறுக்கலாம்.

"இந்தப் படங்கள்ல ஒரு இந்திய அங்கிள் வந்து சமையலறையில கறி ஆக்கி பப்பைத் தூக்கி நிறுத்தறாரு. நம்மாளுங்களைச் சும்மா ஊறுகாய் மாதிரி வச்சிருக்காங்கன்னு தோணுது."

பாத்திரத்தை ஊறுகாயாகத்தான் எழுதுகிறார்கள், அதில் எனக்கும் வருத்தம். ஏனென்றால் அந்த அங்கிளின் உண்மைக் கதை மொத்தப் படத்தையும்விடப் பெரியது.

பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் ஊர்களின் இரும்பு வார்ப்பாலைகளில் உழைக்கப் பஞ்சாபிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு ஒரு பைன்ட் குடிக்கப் போனால் பல பப்புகள் கறுப்பர்களையும் இந்தியர்களையும் நல்ல அறைக்குள் விடவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அதன் தலைவர்களில் ஒருவரான அவதார் சிங் ஜூஹல், 1965 பிப்ரவரியில் ஸ்மெத்விக் வந்த அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸை 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்கே அழைத்துப் போய் அந்தப் பாகுபாட்டைக் காட்டினார். ஒன்பது நாளில் மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் வந்த இன உறவுச் சட்டம், பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது.

கதவை அடைத்த அதே பகுதிகளில், வெள்ளைக்காரர்கள் நடத்த முடியாமல் விட்ட பப்புகளை அந்தத் தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் எடுத்து நடத்தினார்கள். கரியடுப்பில் வாட்டிய கோழி, மீன், ஷீக் கபாப் எல்லாம் வெங்காயத்தோடு புகையப் புகைய இரும்புத் தட்டில் வரும் 'மிக்ஸ்டு கிரில்'தான் அங்கே பெயர் பெற்றது. 'தேசி பப்' என்று இன்று ஊர் கொண்டாடுவது இதைத்தான். சாப்பாடு பப்பைக் காப்பாற்றுகிறது என்பதில் படம் பொய் சொல்லவில்லை. பீரைவிடச் சாப்பாட்டில் கையில் நிற்பது அதிகம், குடிக்காதவர்களும் வருவார்கள். அந்த அங்கிளின் அப்பா ஒரு காலத்தில் எந்தக் கதவுக்கு வெளியே நின்றார் என்பதை ஒரு வசனத்திலாவது சொல்லியிருக்கலாம்.

"சட்டப்படி பார்த்தா, மாமா செத்த மறுநாளே மருமகன் கடையைத் திறந்து ஊத்தறது குற்றமா?"

வக்கீல் தோழி ஒருத்தியின் கேள்வி. பதில், உரிமம் யார் பெயரில் என்பதைப் பொறுத்தது. இறந்தவரின் பெயரிலேயே இருந்தால், அவர் இறந்த கணமே உரிமம் செத்துவிடும். அவருடைய சொத்துக்குப் பொறுப்பானவரோ அந்தக் கட்டடத்தில் உரிமை உள்ளவரோ 28 நாளுக்குள் இடைக்கால அறிவிப்பு கொடுத்தால் அது உயிர் பெறும். கொடுக்கும் முன்னால் விற்றது உரிமமில்லாத விற்பனை, ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். அந்த 28 நாளை எந்தப் படமும் பயன்படுத்தியதில்லை. வில்லனுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

உரிமம் கம்பெனி பெயரில் இருந்தால் (மூன்றாம் கேள்வியில் சொன்ன கட்டுப்பட்ட பப்புகள் பலவற்றில் அப்படித்தான்) சாவு அதைத் தொடாது. ஆனால் மது விற்பனைக்குப் பொறுப்பாளராகத் தனிநபர் உரிமம் உள்ள ஒருவர் பெயர் இருக்க வேண்டும். மருமகன் பயிற்சித் தேர்வு எழுதி அந்த உரிமம் வாங்கியவராக இருந்தால், விண்ணப்பத்தோடு உடனே பொறுப்பேற்கலாம். நாடு சுற்றிவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிய மருமகனிடம் அது இருக்குமா என்பதுதான் கேள்வி.

"தாத்தாவோட பழைய பீர் குறிப்பு கிடைக்குது, காய்ச்சி விக்கிறாங்க, கடை பிச்சுக்குது. 'டை' இருக்கிற பப்புல இது எப்படி?"

முடியாது. அந்தக் குறிப்பேட்டைத் திறக்கும் காட்சியிலேயே ஒப்பந்தம் முறிகிறது. வெளிப் பீர் வருகிறதா என்று பார்க்கக் குழாய்களில் அளவுமானி பொருத்திய கம்பெனிகளும் உண்டு. ஃப்ரீ ஹவுஸ் என்றால் செய்யலாம், வரித்துறையிடம் பதிவு செய்து தீர்வை கட்டிய பிறகு. சின்ன ஆலைகளுக்கு 2002 முதல் தீர்வையில் சலுகை இருப்பதால்தான் இவ்வளவு சின்னக் காய்ச்சல்கூடங்கள் முளைத்தன.

அப்படி ஒரு நிஜக் கதை வேண்டுமென்றால், 1970களின் தொடக்கத்தில் பார்க்கலாம். தானே காய்ச்சி விற்கும் பப்புகள் நாட்டில் நாலே நாலுதான் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று டட்லி அருகே நெதர்ட்டனில் உள்ள ஓல்டு ஸ்வான். அதைப் பல்லாண்டு நடத்திய பெண்மணி பார்டோ. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் 'மா பார்டோ' என்று சொன்னால்தான் ஊரில் வழி சொல்வார்கள்.

"இவ்வளவு கணக்கும் தெரிஞ்சப்புறம் உங்களால இந்தப் படங்களை ரசிக்க முடியுதா?"

முடிகிறது. சில தப்புகளுக்குப் பல்லைக் கடிப்பேன், அவ்வளவுதான். எந்தப் படமானாலும் ஒரு காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கும்: கடைசி ஆர்டருக்கு மணி அடித்து, எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துவிட்டுக் குடும்பம் கல்லாவை எண்ணும் காட்சி. நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் அம்மா அந்த நேரத்துக்கு மாடியிலிருந்து ராத்திரி உடையில் இறங்கி வருவார். யாரிடமும் எவ்வளவு என்று கேட்கமாட்டார். மகன் எத்தனை நேரம் எண்ணுகிறான் என்பதை வைத்தே தெரிந்துகொண்டு, எனக்கு ஒரு தட்டில் மிச்சமான உருளைக்கிழங்கைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, நிலவறை விளக்கை அணைக்கப் போவார்.